முதலில் கேட்டவருக்கே சேலை: வெப்ஹூக்கோடு ஓர் ஆண்டு

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டில், பட்டாலை என்று சொல்கிற பகுதியில் நடக்கிற கண்டாங்கிச் சேலைக் கடைக்கு நான் கணக்கும் கணினி வேலையும் பார்க்கிறேன். கடையை நடத்துகிற ஆச்சிக்கு 62 வயது. தறிக்காரர்களிடம் நேரே வாங்கி, ஒவ்வொரு சேலையையும் தேக்குத் தூணில் விரித்து, காலை வெயில் முற்றத்தில் இறங்கும்போது படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவோம். அரக்கு உடலுக்குக் கடுகு மஞ்சள் கரை, மயில்கழுத்து நிறக் கட்டத்துக்குச் சிவப்புக் கரை என்று ஒவ்வொன்றும் ஒரு கூட்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். ஆனால் எங்களிடம் ஒரு படத்துக்கு ஒரு சேலைதான் உண்டு. அதே நிறத்தில் இன்னொன்று வேண்டுமென்றால் தறியில் புதிதாகப் பாவு ஏற வேண்டும்.

அதனால் ஆச்சி ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். படத்தின் கீழே முதலில் ‘எனக்கு’ என்று எழுதியவருக்கே சேலை. சொந்தக்காரர், பழைய வாடிக்கையாளர், இரண்டு மடங்கு விலை தருகிறேன் என்கிறவர், யாராக இருந்தாலும் வரிசைதான். இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற எனக்குக் கைகொடுத்தது, இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டா நிறுவனம் தருகிற வெப்ஹூக் வசதி, அதாவது பின்னூட்டம் விழுந்த உடனே நமக்குத் தானாகச் செய்தி அனுப்புகிற ஏற்பாடு. ஓர் ஆண்டாகப் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு மாதச் சந்தா கட்டி வேறொரு கருவி வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை புதிய பின்னூட்டங்களை இழுத்துவந்து, புதியதை மேலே வைத்துக் காட்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிவப்புக் கட்டத்தில் கறுப்புக் கரை போட்ட ஒரு சேலையைப் பதிவிட்டோம். தேவகோட்டையிலிருந்து ஒரு அம்மா 7 மணி 2 நிமிடத்துக்கு ‘எனக்கு’ என்று எழுதியிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் 7 மணி 10 நிமிடத்துக்கு எழுதியிருக்கிறார். கருவியில் இரண்டும் ஒன்றாகவே வந்து விழுந்தன. மேலே இருந்த பெயரைப் பார்த்து ஆச்சி சிங்கப்பூர்க்காரருக்கு உறுதி சொல்லிவிட்டார். மறுநாள் தேவகோட்டை அம்மா பஸ் ஏறி வந்து, கையில் கைப்பேசியோடு திண்ணையில் உட்கார்ந்து, “நான்தானே முதலில் எழுதினேன், ஆச்சி?” என்று கேட்டார். கோபமே இல்லாத அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆச்சி அன்று மதியம் சாப்பிடவில்லை. “பொருள் போனால் வேறு பொருள் வரும், ஆத்தா. சொன்ன சொல் போனால் என்ன செய்வது?” என்று என்னிடம் கேட்டார். அன்று இரவே வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

வெப்ஹூக் என்ற சொல்லை 2007-இல் ஜெஃப் லிண்ட்சே என்கிற மென்பொருளாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கருத்து எளியது. “புதிதாக ஏதாவது உண்டா?” என்று நம் சர்வர் (எப்போதும் இணையத்தில் இருக்கிற நம் கணினி) போய்ப் போய்க் கேட்பதை விட்டுவிட்டு, நடந்தது நடந்த உடனே அவர்கள் சர்வர் நம் முகவரிக்குச் செய்தி அனுப்பும். எந்தெந்த வகைச் செய்தி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நான் பின்னூட்டம், நேரடிச் செய்தி, பெயர்க் குறிப்பு மூன்றையும் கேட்டு வைத்திருக்கிறேன். விருப்பக் குறி இட்டவர், புதிதாகப் பின்தொடர்கிறவர் பற்றிய செய்தி இதில் வராது. எங்களுக்கு அது தேவையும் இல்லை.

தொடங்குவதற்கு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராம் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருக்க வேண்டும். பூட்டிய கணக்காக இருக்கக் கூடாது. நிரல் எழுதுகிறவர்களுக்காக மெட்டா நடத்துகிற டெவலப்பர் தளத்தில் ஒரு செயலியைப் பதிவு செய்ய வேண்டும். பின்னூட்ட அறிவிப்பு வர அந்தச் செயலிக்கு உயர்நிலை அனுமதி வேண்டும். அதற்கு நிறுவனச் சரிபார்ப்பும் செயலிப் பரிசீலனையும் உண்டு. ஜிஎஸ்டி சான்றிதழ், கடை முகவரிச் சான்று, செயலி என்ன செய்கிறது என்று காட்டுகிற திரைப்பதிவு எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இடையில் எழுந்துபோய்த் தேடுகிற வேலை மட்டும் வேண்டாம். 2024-க்குப் பிறகு இன்ஸ்டாகிராம் உள்நுழைவை மட்டும் வைத்தே இதைச் செய்யலாம், ஃபேஸ்புக் பக்கம் கட்டாயமில்லை. இந்த ஒரு மாற்றமே எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குப் பெரிய உதவி.

பிறகு செய்தி வந்து சேர வேண்டிய நம் சர்வரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். எச்டிடிபிஎஸ், அதாவது பாதுகாப்பான இணைப்பில் திறக்கிற முகவரிதான் ஏற்கப்படும். அந்தப் பாதுகாப்புக்கான சான்றிதழை நாமே எழுதிக்கொண்டால் செல்லாது. முகவரியைக் கொடுத்ததும் மெட்டா ஒரு கேள்வி அனுப்பும். நாம் முன்பே எழுதிவைத்த வெரிஃபை டோக்கன் என்கிற அடையாளச் சொல் அதில் இருக்கும், கூடவே ஹப்.சேலஞ்ச் என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். டோக்கன் சரியா என்று பார்த்து, அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிஎச்பி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல்: அந்த மொழி பெயரிலுள்ள புள்ளியை அடிக்கோடாக மாற்றிவிடும். ஹப்புக்கும் சேலஞ்சுக்கும் நடுவே புள்ளியை வைத்துத் தேடினால் கிடைக்காது.

முகவரி ஏற்கப்பட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். டெவலப்பர் தளத்தில் சோதனைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மாதிரிச் செய்தி ஒன்று ஓடி வருகிறது. ஆனால் ஆச்சியின் பேத்தி பதிவுக்குக் கீழே எழுதிய பின்னூட்டம் வரவே இல்லை. காரணம், எந்த அறிவிப்பு வேண்டும் என்று கேட்டு வைப்பதை இங்கே சந்தா என்கிறார்கள்; செயலிக்குச் சந்தா செய்வது ஒன்று, கணக்குக்குச் சந்தா செய்வது இன்னொன்று. கடையின் கணக்கு சார்பாக எந்தச் செய்திகள் வேண்டும் என்று தனியாக ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். இதை அனுப்பியவுடன் கதவு திறந்தது. புதிதாக இறங்குகிறவர்கள் இந்த இரண்டாம் சந்தாவைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி, தமிழில் வணிகம் செய்கிற எல்லோரும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இதை நான் எங்கும் தமிழில் படித்ததில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நம் முகவரி பொதுவெளியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பொய்ச் செய்தி அனுப்பலாம். அதைத் தடுக்க மெட்டா ஒவ்வொரு செய்தியோடும் ஒரு கையொப்பத்தை அனுப்புகிறது. செய்தியின் உடலையும், நமக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ஆப் சீக்ரெட் என்கிற ரகசியச் சொல்லையும் சேர்த்து, ஷா 256 என்கிற கணக்கு முறையில் கணக்கிட்ட கையொப்பம் அது. நாமும் அதே கணக்கைப் போட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் செய்தியை உள்ளே விட வேண்டும். நான் நோடு.ஜேஎஸ் என்கிற நிரல் தளத்தில் எழுதினேன். வந்த செய்தியைப் பிரித்து, பிரித்ததை மறுபடி ஜேசான் என்கிற தரவு வடிவத்தில் கோத்து, அதன் மேல் கையொப்பம் கணக்கிட்டேன். ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்று ஆங்கில எழுத்தில் கேட்டவர்களின் செய்தி எல்லாம் சரியாக நுழைந்தது. ‘எனக்கு’ என்று தமிழில் எழுதியவர்களின் செய்தியை என் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டினேன். திருப்பி அனுப்பியவற்றின் பட்டியலை வரிசையாக எடுத்துப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. தமிழ்ப் பின்னூட்டங்களோடு ஓர் ஆங்கிலப் பின்னூட்டமும் அதில் இருந்தது. அதன் கடைசியில் ஒரு சிவப்பு இதயப் படம். ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எது வந்தாலும் கணக்கு பிசகுகிறது.

மெட்டா அனுப்புகிற செய்தியில் தமிழ் எழுத்து எழுத்தாக வருவதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு சாய்கோடு, ஒரு யு, நான்கு இலக்கக் குறியெண் என்று ஆறு எழுத்தாக மாறி வருகிறது. ‘எனக்கு’ நம் கண்ணுக்கு எ, ன, க், கு என்று நான்கு எழுத்து. கணினிகள் எழுத்துக்கு எண் தருகிற யூனிகோடு கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் அது ஆறு குறி. செய்தியில் அது 36 எழுத்து. கையொப்பம் அந்த 36 எழுத்தின் மேல் போட்டது. நான் பிரித்துக் கோத்தபோது அது மறுபடி ‘எனக்கு’ என்று அழகாகத் தமிழாகிவிட்டது, கையொப்பம் பொருந்தவில்லை. கையொப்பம் இப்படி மாற்றப்பட்ட வடிவத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது என்று மெட்டாவின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். தீர்வு ஒரே வரிதான். வந்த பைட்டுகளைத் தொடாமல், பிரிக்காமல், அப்படியே எடுத்து முதலில் கையொப்பத்தைச் சரிபாருங்கள், அதன் பிறகு பிரியுங்கள். அந்த வரியை மாற்றிய மாலையில், திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்ப் பின்னூட்டங்களில் சில தாமே மறுபடி வந்து சேர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் மொழியில் எழுதியவர்களைத்தானே வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன்!

அவை தாமே மறுபடி வந்ததற்குக் காரணம் உண்டு. நம் சர்வர் 200 என்ற ஒப்புதலைச் சொல்லாவிட்டால் மெட்டா உடனே ஒரு முறை மீண்டும் அனுப்பும். அதுவும் போகாவிட்டால் அடுத்த 36 மணி நேரத்துக்குள், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, இன்னும் சில முறை முயலும். அதற்குப் பிறகு விட்டுவிடும். அனுப்பியதை அவர்கள் சேமித்து வைப்பதும் இல்லை. ஆகவே வந்ததை நாம்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மறுமுயற்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொடக்கத்தில் நான் செய்தி வந்ததும் கணக்கில் ஏற்றி, ஆச்சிக்குத் தகவல் அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகு 200 சொன்னேன். அதற்குள் நேரமாகிவிடும், அதே செய்தி மறுபடி வரும். ஒரே பெண்மணி ஒரே சேலையை மூன்று முறை கேட்டதாக ஆச்சியின் கைப்பேசி மணி அடித்தது. இப்போது கையொப்பம் சரி என்றவுடன் 200 சொல்லிவிட்டு, செய்தியை ஒரு வரிசையில் போட்டு, வேலையைப் பிறகு செய்கிறேன். ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் உள்ள அடையாள எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் இரண்டாவது நகலை ஒதுக்கிவிடுகிறேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம், என் தவற்றால் ஒரு சோதனை வந்தது. நான் பயன்படுத்துவது லெட்ஸ் என்க்ரிப்ட் என்கிற அமைப்பு தருகிற இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ். 90 நாள் செல்லும்; தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். பாதுகாப்பு என்று நினைத்து சர்வரின் 80-ஆம் வாசலை (போர்ட்) நான் மூடிவிட்டேன். என் அமைப்பில் புதுப்பிப்பு அந்த வாசல் வழியாகத்தான் நடக்க வேண்டும். சனிக்கிழமை இரவு சான்றிதழ் காலாவதியானது. காலாவதி பற்றி நினைவூட்டும் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாததும் என் குறைதான். ஞாயிறு காலை ஒரு மணியோசையும் இல்லை. பண்டிகை வாரத்தில் அப்படி இருக்காது. ஆச்சிதான் முதலில் சந்தேகப்பட்டார். “வீடு இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாதே” என்றார்.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டேன். அன்று மாலையிலிருந்து இரவு வரை, தவறிப்போன அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 36 மணி நேரக் கெடுவுக்குள் மீண்டதால் பிழைத்தோம். பிறகு பதிவுகளுக்குக் கீழே இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் வந்த வரிசை கலைந்திருந்தது. இரவு 9 மணிக்கு எழுதியது முன்னால் வந்தது, 8 மணிக்கு எழுதியது பின்னால் வந்தது. அறிவிப்புகளை மொத்தமாகக் கட்டி அனுப்புவதும் உண்டு; ஒரு கட்டில் 1000 வரை இருக்கலாம். எது முதலில் வந்து சேர்ந்தது என்பதை வைத்து எது முதலில் எழுதப்பட்டது என்று முடிவு செய்யக் கூடாது. இதை அறியாமல் விட்டிருந்தால் பழைய கருவியின் அநியாயமே புது வேகத்தில் நடந்திருக்கும். இப்போது அறிவிப்பு வந்ததும் அந்தப் பின்னூட்டத்தின் அடையாள எண்ணைக் கொண்டு, அது எழுதப்பட்ட நேரத்தைத் தனியாகக் கேட்டு வாங்குகிறேன். அந்த நேரம் கிரீன்விச் கணக்கில் வரும், நாம் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தின்படிதான் வரிசை. இப்படிக் கேட்பதற்குரிய அணுகல் டோக்கன் என்கிற அனுமதிச் சீட்டு 60 நாள்தான் செல்லும். அதையும் கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டும். இரண்டு கெடுவையும் ஆச்சி வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். கணினியிலும் நினைவூட்டு உண்டு. ஆனால் நாள்காட்டியைத் தினமும் காலையில் கிழிக்கிற கை ஆச்சியுடையது, அது தவறாது.

ஆச்சிக்குத் தகவல் போவது டெலிகிராம் வழியாக. அதிலும் வெப்ஹூக் உண்டு, அமைப்பது மிகச் சுலபம். பாட் என்கிற தானியங்கிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஒரே கோரிக்கையில் முகவரியைச் சொன்னால் போதும். பரிசீலனை கிடையாது, 443, 80, 88, 8443 ஆகிய நான்கு வாசல்களில் எதையும் வைத்துக்கொள்ளலாம், நாமே எழுதிய சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளும். பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் டெலிகிராமில் தொடங்குங்கள், பிறகு இன்ஸ்டாகிராமுக்கு வாருங்கள் என்பேன். படத்தோடு பெயரும் நேரமும் ஆச்சியின் கைப்பேசிக்கு வரும். அவர் ‘சரி’ என்று தட்டினால், முதலில் கேட்டவருக்கு எங்கள் கணக்கிலிருந்து தனிச் செய்தி போகும். ஒரு பின்னூட்டத்துக்கு இப்படி ஒரே ஒரு தனிச் செய்திதான் அனுப்ப முடியும், அதுவும் எழுதிய 7 நாளுக்குள். அவர் பதில் எழுதிவிட்டால் அதிலிருந்து 24 மணி நேரம் தாராளமாகப் பேசலாம். எங்கள் வியாபாரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

பெயர்க் குறிப்பைக் கேட்டு வைத்தது இப்படி ஒரு பலனைத் தருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. போன மாதம் ஒரு மதியம் மணி அடித்தது. கோலாலம்பூரில் ஒரு வீட்டுத் திருமணத்தில், மணப்பெண்ணின் அப்பத்தா எங்களிடம் வாங்கிய அரக்குக் கண்டாங்கியை உடுத்தி நிற்கிறார். படம் போட்ட பேத்தி எங்கள் கடையின் பெயரைக் குறித்திருந்தார். படத்தைப் பார்த்த ஆச்சி உடனே அந்தச் சேலையை நெய்த தறிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் நெய்தது கடல் தாண்டி மணவறைக்குப் போயிருக்கிறது” என்றார். நெய்தவருக்குத் தன் சேலை யார் உடலில் இருக்கிறது என்று தெரிவது எத்தனை முறை நடக்கும்? இப்போது அடிக்கடி நடக்கிறது.

செலவைச் சொல்கிறேன். வெப்ஹூக்குக்குக் கட்டணம் இல்லை. சர்வரை வீட்டில் வைக்கவில்லை. மாதந்தோறும் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கிற நாள் இங்கே உண்டு. அதனால் வெளியூரில் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், மாதம் 400 ரூபாய்க்குள். பழைய கருவிக்குக் கட்டிய சந்தாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எனக்கு நிரல் எழுதத் தெரியும். தெரியாதவர்கள் ஒருவரை அமர்த்த வேண்டியிருக்கும், அமைத்த பிறகும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதிரசமோ தேன்குழலோ விற்கிற கடைக்கு, கேட்டவருக்கெல்லாம் சுட்டுக் கொடுக்க முடிகிற பொருளுக்கு, நாளுக்குப் பத்துப் பின்னூட்டம் வருகிற இடத்துக்கு இது தேவையில்லை. கைப்பேசியில் வருகிற சாதாரண அறிவிப்பே போதும். ஒற்றைப் பொருள் விற்கிறவர்களுக்கு, அதாவது கைத்தறிக்காரர்களுக்கும் பழம்பொருள் கடைக்காரர்களுக்கும், நான் மனமார இதைச் சொல்வேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கிற ஒருவர் என் அமைப்பைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றார். ஒரு பர்மாத் தேக்குப் பெட்டியை நான்கு பேர் கேட்டால் யாருக்குக் கொடுப்பது என்ற தவிப்பு அவருக்கும் உண்டு.

அந்தச் சிவப்புக் கட்டச் சேலையைத் தவறவிட்ட தேவகோட்டை அம்மாவுக்காக ஆச்சி தறியில் தனியாகப் பாவு ஏற்றச் சொன்னார். அதே சிவப்பு, அதே கறுப்புக் கரை. அதைப் பதிவில் போடவில்லை, நேரே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் இப்போதும் வரிசையில் நின்றுதான் மற்றச் சேலைகளைக் கேட்கிறார். ஆவணியில் ஒன்று அவருக்குக் கிடைத்தது, புரட்டாசியில் ஒன்று ஐந்து வினாடியில் தவறிப்போனது. எழுதப்பட்ட நேரத்தை அனுப்பினேன், “சரி, ஆத்தா” என்று பதில் வந்தது.

தை பிறந்ததும் பட்டாலையிலிருந்து நேரலையில் சேலை காட்டலாம் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். நேரலைப் பின்னூட்டத்துக்கு வெப்ஹூக்கில் தனிச் சந்தா இருக்கிறது, நேரலை ஓடும்போது மட்டும்தான் அதில் அறிவிப்பு வரும். சந்தாவைச் சேர்த்துவிட்டேன். ஒத்திகைக்குப் பேத்தி முற்றத்தில் நின்று எழுத, தூணருகே ஆச்சியின் மணி அடிக்கிறது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் ‘எனக்கு’ என்று எழுதினால் என் வரிசை தாங்குமா என்று பார்க்க, வரும் ஞாயிறு சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லோரையும் கைப்பேசியோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஆச்சி அவர்களுக்குப் பணியாரத்துக்கு அரிசி ஊறவைப்பதாகச் சொன்னார்.